அப்பாவின் அலமாரியும் மகளின் ஒற்றைப் பெட்டியும்

கேள்வி: ரங்கூன் நகரின் நடுப்பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடமொன்றின் நான்காவது மாடியில் கணவர், எட்டு வயது மகள், 78 வயதுத் தந்தை ஆகியோருடன் வாழ்கிறேன். அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மழைக்காலத்திற்கு முன் தாமுவேயில் இதைவிடச் சிறிய வீட்டுக்குக் குடிபோகிறோம். குறைந்த பொருள்களோடு வாழ்வதைப் பற்றிய காணொளிகளை ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். என் துணிமணிகளை எல்லாம் குறைத்து ஒரே பெட்டியில் அடக்கிவிட்டேன், மனம் இலேசாகிவிட்டது. அப்பாவோ எதையும் விடமாட்டார். பித்தளை அண்டாக்கள், அடுக்குச் சட்டிகள், பாடாத வானொலிகள், காலி டின்கள், அம்மாவின் புடவைகள் என்று வீடு நிறைந்திருக்கிறது. எது எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அக்கம்பக்கத்து விசேஷங்களுக்கு அண்டாக்களை இரவலும் கொடுப்பார். 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று நான் சொன்னால், 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்று வாயை அடைத்துவிடுகிறார். சென்ற மாதம் பழைய ஓவல்டின் டின் ஒன்றைத் திறந்து பார்த்தேன். செல்லாத 75 கியாட், 35 கியாட் நோட்டுகள் கட்டாக இருந்தன. 'இதையாவது போட்டுவிடலாமா அப்பா?' என்று சிரித்தபடி கேட்டேன். டின்னைப் பிடுங்கிக்கொண்டு போனவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாத்தாவின் துணிக்கடை 1964இல் போனது என்பதற்கு மேல் பழைய கதை எதையும் அவர் சொன்னதில்லை. எளிமையாக வாழ வேண்டும் என்ற என் ஆசை உண்மையானதா, அல்லது நாகரிக மோகமா? அப்பாவுக்கு இருப்பது பொருள் குவிக்கும் நோயா? வீடு மாறுவதற்குள் அவர் பொருள்களைக் குறைக்க வழி என்ன?
— வாசகி, ரங்கூன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடுவில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு விடை சுருக்கமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருள்களைக் கைவிட முடியாமல் குவித்துவைப்பதைத் தனியொரு மனநலக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாடு 2013இல்தான் ஏற்றுக்கொண்டது. ஒருவர் நிறையப் பொருள்களை வைத்திருக்கிறார் என்பது மட்டும் அந்த முடிவுக்குப் போதாது. மதிப்புள்ளது, மதிப்பற்றது என்ற வேறுபாடு இல்லாமல் எதையுமே விட முடியாத தவிப்பு இருக்க வேண்டும். அதன் விளைவாகச் சமையலறையில் சமைக்க முடியாத அளவுக்கு, படுக்கையில் படுக்க முடியாத அளவுக்கு வீடு அடைபட்டு, அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். உங்கள் தந்தைக்கோ எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. அண்டாக்கள் ஊராருக்குப் பயன்படுகின்றன. நேரில் பார்க்காமல் ஒருவருக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆயினும் கடிதத்தில் எனக்குத் தெரிகிறவர் நோயாளியாகத் தெரியவில்லை. கணக்குத் தெரிந்த குடும்பத் தலைவராகவே தெரிகிறார்.

அந்தக் கணக்கு ஓவல்டின் டின்னுக்குள் இருக்கிறது. உங்கள் தந்தைக்கு 1964இல் பதினேழு வயது இருந்திருக்கும். அந்த ஆண்டு மார்ச் 19ஆம் நாள் ரங்கூனில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. அதற்குச் சரியாக இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மே 17ஆம் நாள், 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. முதலில் கடையும் பிறகு கல்லாவில் மிஞ்சிய பணமும் போன குடும்பங்கள் நம்மில் ஏராளம். அடுத்து வந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் இந்த நாட்டை விட்டு வெளியேறினார்கள். கப்பலேறிச் சென்னையில் இறங்கியவர்கள் தங்களுடன் கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பம். உங்கள் குடும்பம் தங்கிவிட்டது. தங்கியவர்களுக்கு 1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகள் மறுபடியும் செல்லாமல் போயின. அப்போதாவது ஓரளவு மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. 1987 செப்டம்பர் 5ஆம் நாள் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது மாற்றிக்கொள்வதற்கும் வழி வைக்கப்படவில்லை. அந்த 75 கியாட் நோட்டு புழக்கத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை. அப்போது உங்கள் தந்தைக்கு நாற்பது வயது. வீட்டுப் பொறுப்பு முழுவதும் தலையில் இருந்த பருவம். நீங்கள் சிரித்தபடி கையில் எடுத்த கட்டு, அன்று ஒரே அறிவிப்பில் ஒன்றுமில்லாமல் போன அவருடைய சம்பாத்தியம்.

காகிதம் ஒரே இரவில் வெறுங்காகிதமாகிவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்ட மனிதர், அதற்குப் பிறகு எதை நம்பியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். தங்கம் வாங்க முடிந்தவர்கள் தங்கம் வாங்கினார்கள். முடியாதவர்கள் பித்தளையும் எவர்சில்வரும் வாங்கினார்கள். பித்தளை அண்டாவை எந்த அரசாங்க அறிவிப்பும் செல்லாததாக ஆக்கியதில்லை. எடைக்குப் போட்டால் அன்றைய விலை கிடைக்கும். 2021 பிப்ரவரி ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு ஏ.டி.எம். வாசல்களில் விடியும் முன்னரே வரிசை நின்றதையும், அதற்கு முன் ஏறத்தாழ 1,330 கியாட்டாக இருந்த டாலர் பின்னர் வெளிச்சந்தையில் 4,000 கியாட்டைத் தாண்டியதையும் நீங்களே கண்டிருக்கிறீர்கள். அந்த நாள்களில் உங்கள் தந்தையின் முகத்தில் வியப்பு ஏதும் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி, உங்கள் ஆசைக்கு வருகிறேன். அது மோகம் அன்று. அந்த மன இலேசு கற்பனையும் அன்று. கண்ணில் படுகின்ற ஒவ்வொரு பொருளும் 'என்னை எடுத்து வை, துடை, தைத்துப் போடு, யாருக்காவது கொடு' என்று ஏதாவது ஒரு வேலையை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்பி, பன்னிரண்டரை அடி அகல வீட்டுக்குள் நுழைகின்ற பெண்ணுக்கு அந்த நினைவூட்டல்கள் ஓய்வதே இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தங்கள் வீட்டை அடைசலானது, முடியாத வேலைகள் நிறைந்தது என்று வருணித்த மனைவியருக்கு, பகல் முழுவதும் இறங்கிக்கொண்டு வர வேண்டிய கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு போதிய அளவு இறங்கவில்லை என்று கண்டார்கள். கணவர்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. வீட்டைத் துப்புரவு செய்யும் பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ அவர் உடம்பிலேயே அது தெரிந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். அடைசல் களைப்பை உண்டாக்கிற்றா, களைத்தவர்களுக்கு வீடு அடைசலாகத் தெரிந்ததா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இன்றைய ரங்கூனில் இந்த ஆசைக்கு இன்னொரு காரணமும் இருப்பதை என்னிடம் வருகிறவர்களிடம் காண்கிறேன். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது நம் கையில் இல்லை; அரிசி விலை நம் கையில் இல்லை; நாளைக்கு எந்தச் சட்டம் வரும் என்பது நிச்சயமாக நம் கையில் இல்லை. இப்படி எதுவுமே கையில் நில்லாத காலத்தில், ஒரு பெட்டித் துணியை எண்ணி, மடித்து, மூடிவிட முடிவது மிகப் பெரிய ஆறுதல். உங்கள் தந்தை அண்டாக்களை அடுக்கிவைத்து அடைகின்ற ஆறுதலும் இதுவே. ஒரே அச்சத்துக்கு அவர் சேர்த்துவைப்பதை மருந்தாக்கிக்கொண்டார். நீங்கள் விட்டுவிடுவதை மருந்தாக்கிக்கொண்டீர்கள். ஆகவே உங்கள் இருவரில் ஒருவர் பேராசைக்காரர், மற்றவர் ஞானி என்ற கோணத்தில் இந்தச் சச்சரவைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தில் என்னைச் சற்று நிறுத்தியது அந்த ஒற்றைப் பெட்டி. உங்களுக்கு அது விடுதலை. அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவர் இளைஞராக இருந்த காலத்தில் வீட்டில் இருப்பதையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, துணிகளை ஒரே பெட்டியில் அடக்கியவர்கள், அடுத்த கப்பலில் போனவர்கள்தாம். சித்தப்பாவோ அத்தையோ கூடப் படித்தவர்களோ அப்படிப் போனதை அவர் பார்த்திருக்க வேண்டும். இப்போது மகளும் தன் பொருள்களைக் கொடுத்துவிட்டுப் பெட்டியும் கையுமாக இருக்கிறாள். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு செல்கின்ற காலமாகவும் இருக்கிறது. 'என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகப் போகிறாயா?' என்று எந்த அப்பாவும் எளிதில் கேட்டுவிட மாட்டார். துரும்பு, பல் குத்துதல் என்று வேறு எதையாவதுதான் பேசுவார். வெளியேறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். புதிய வீட்டில் துணிகளைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் அலமாரித் தட்டில் அடுக்குங்கள். துணியின் எண்ணிக்கை ஒன்றும் கூடிவிடப் போவதில்லை.

நீங்கள் பார்க்கும் காணொளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டோக்கியோவில் ஒருவர் ஒரு கரண்டி, ஒரு கிண்ணத்தோடு வாழ்கிறார் என்றால், தெருமுனையில் இரவு பகலாகத் திறந்திருக்கும் கடையும், ஒரு நொடியும் நிற்காத மின்சாரமும், நாளைக்கும் அதே மதிப்பு உள்ள பணமும் அவருக்குப் பின்னால் நிற்கின்றன. அவர் வைத்துக்கொள்ளாத பொருளை ஊர் அவருக்காக வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நாட்டில் இதற்கு நாம் தினமும் காணும் சான்று ஒன்று உண்டு. பௌத்தத் துறவிக்கு உரிய உடைமைகள் எட்டே எட்டு: மூன்று சீவர ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சு, சவரக் கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. இதைவிடக் குறைந்த பொருளோடு வாழ்பவரைக் காண்பது அரிது. ஆனால் விடியற்காலையில் அவர் பாத்திரத்தோடு தெருவில் வரும்போது, வாசல்தோறும் சூடான சோற்றோடு ஒருவர் காத்திருக்கிறார். துறவி சோற்றுப்பானை வைத்துக்கொள்ளாமல் இருக்க முடிவது, தெரு முழுவதும் பானை வைத்திருப்பதால்தான். குறைந்த பொருளோடு வாழ்வதைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. குடும்பத்தில் எல்லாருமே பாத்திரத்தை ஏந்த முடியாது, யாராவது பானையை வைத்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன். மின்வெட்டு நேரத்தில் உங்கள் வீட்டில் கரியடுப்பையும் தண்ணீர்ப் பீப்பாயையும் எடுத்து வைப்பவர் யார் என்று பாருங்கள். அனேகமாக அவராகத்தான் இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். அவர் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம். எது எங்கே என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு ஒரு சட்டி குறைந்தாலும் தெரியும். தெரிந்த மறுநொடி, மிச்சமிருக்கும் ஒவ்வொன்றையும் காவல் காக்கத் தொடங்கிவிடுவார். மேலும், தன் கையில் இருக்கும் பொருளை மனிதர்கள் இயல்பாகவே உயர்த்தி மதிப்பிடுகிறார்கள். 1990இல் வெளியான ஒரு சோதனையில் பாதிப் பேருக்குச் சாதாரணமான காப்பிக் குவளைகளைக் கொடுத்து விற்கச் சொன்னபோது, வாங்க வந்தவர்கள் தர முன்வந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலையை அவர்கள் கேட்டார்கள். குவளை அவர்கள் கைக்கு வந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. நாற்பது ஆண்டுகள் கையில் இருந்த அண்டாவுக்கு நீங்கள் போடும் மதிப்பும் அவர் போடும் மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

பொருள்களை எண்ணிக்கையால் பார்க்காமல், அவை செய்யும் வேலையால் பாருங்கள். தங்கமும் பித்தளையும் வங்கியின் வேலையைச் செய்கின்றன. கரியடுப்பு, பீப்பாய், மெழுகுவத்தி, அரிக்கேன் விளக்கு ஆகியவை மின்வாரியத்தின் வேலையைச் செய்கின்றன. புடவைகளும் ஓவல்டின் டின்னும் நினைவுக்கு உரியவை. இந்த மூன்றிலும் இப்போது கை வைக்க வேண்டாம். எந்த வேலையும் செய்யாதவை என்று எஞ்சுவன பாடாத வானொலிகளும், தேவைக்கு மேற்பட்ட காலி டின்களும், அவை போன்ற சிலவும்தாம்; பேச்சுவார்த்தை அவற்றைப் பற்றி மட்டும் இருக்கட்டும். பேச்சைத் தொடங்கும்போது 'இவற்றில் எதை எறியலாம்?' என்று கேட்காமல், புதிய வீட்டில் ஒரு சுவரை முழுவதுமாக அவருக்கு ஒதுக்கி, அளவுநாடாவைக் கையில் கொடுத்து, 'இந்தச் சுவர் உங்களுடையது, எதை எப்படி அடுக்கலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் அப்பா' என்று கேளுங்கள். எதை வைத்துக்கொள்வது என்ற தேர்வை இடமே செய்யத் தொடங்கிவிடும். அதைச் செய்தது நீங்கள் ஆகமாட்டீர்கள். சுவருக்குள் அடங்காத அண்டாக்கள் இருந்தால், அவர் வழக்கமாகப் போகும் கோயிலின் அன்னதானக் கூடத்துக்குக் கொடுப்பதைப் பற்றி அவரே யோசிக்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே இரவல் கொடுத்துப் பழகியவர் அவர். விளிம்பில் உங்கள் அம்மாவின் பெயர் வெட்டப்பட்டிருந்தால் அதை அழிக்காமல் அப்படியே கொடுக்கலாம். பாத்திரக்காரர் உளியைத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாகப் பொறித்த அந்த எழுத்துகளோடு அண்டா பந்தியில் நிற்பதைக் காண்பது, பலருக்கு விடுவதற்கான துணிவைக் கொடுத்திருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம், அது பாதுகாப்பு. மாடிப்படியிலும் கதவுப் பாதையிலும் ஒரு டின்கூட இருக்கக் கூடாது. இந்தக் கட்டடங்களில் தீப்பிடித்தால் இறங்குவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு படிதான் உண்டு. அலமாரியின் தலையில் அடுக்கியுள்ள டிரங்குப் பெட்டிகளும் அண்டாக்களும் கீழே இறங்கியாக வேண்டும். 2025 மார்ச் 28ஆம் நாள் 7.7 அளவில் சகாயின் பிளவுக் கோட்டில் நிகழ்ந்த நிலநடுக்கம் மாண்டலேப் பக்கம் என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். அதே பிளவுக் கோடு தெற்கே பெகு வழியாகவும் செல்கிறது. பேத்தி படுக்கும் இடத்துக்கு மேலே கனமான பொருள் இருக்கக் கூடாது என்று சொன்னால் அவர் மறுக்கப் போவதில்லை. இதைச் சிக்கனம், எளிமை என்ற பேச்சோடு கலக்காமல் தனியாகப் பேசுங்கள்.

'விரும்பி ஏற்கும் எளிமை' என்ற கருத்தை 1936இல் எழுதிப் பரப்பிய ரிச்சர்ட் கிரெக் என்னும் அமெரிக்கர், அதற்கு முன் காந்தியின் சபர்மதி ஆசிரமத்தில் தங்கியிருந்தவர். வேறு எதை விட்டாலும் தன் புத்தகங்களை விட முடியவில்லையே என்று அவர் காந்தியிடம் முறையிட்டபோது, அப்படியானால் விடாதே என்பதே கிடைத்த பதில். ஒரு பொருளிலிருந்து உள்ளத்துக்குத் துணை கிடைக்கிற வரையில் அதை வைத்துக்கொள்ள வேண்டும். தியாகம் செய்கிறோம் என்ற எண்ணத்திலோ கடமை என்றோ விட்டால், மனம் அதையே மீண்டும் மீண்டும் கேட்டுத் தொல்லைப்படுத்தும். அதைவிட வேறொன்றை மிகுதியாக விரும்பும்போது விடுவதே சரி என்பது காந்தியின் கருத்து. நம் நாட்டுக்கும் மூன்று முறை வந்துபோன அந்த மனிதரைப்போல் குறைந்த பொருளோடு வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே. அவரே அடுத்தவருடைய புத்தக அலமாரியில் கை வைக்கவில்லை. உங்கள் தந்தை வேறு எதையேனும் மிகுதியாக விரும்பக்கூடும்: பேத்தியின் படிப்பு மேசைக்கு வெளிச்சமான ஓர் இடம், அல்லது தன் கட்டிலுக்கு அருகில் தடுக்காமல் நடக்க ஒரு வழி. அது எது என்பதைக் கண்டுபிடியுங்கள்.

ஓவல்டின் டின் அவர் கையிலேயே புதிய வீட்டுக்கு வரட்டும். நேரம் வாய்க்கும்போது மன்னிப்புக் கேட்டுவிட்டு, 'அந்தப் பணம் செல்லுபடியாகியிருந்தால் என்ன செய்வதாக இருந்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லவும் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மாவின் புடவைகளையும் முழுவதுமாகக் கொண்டுபோங்கள். மூன்று ஆண்டு என்பது உங்களுக்கு நீண்ட காலமாகத் தோன்றலாம். அவருடைய மணவாழ்க்கையின் நீளத்தோடு வைத்துப் பார்த்தால் அது அதிகமில்லை. உங்கள் அலமாரித் தட்டில் இடம் இருக்கிறதல்லவா? அவர் சுவரில் அடங்காத புடவைகள் அங்கே இருக்கட்டும்.

குடிபோன பிறகு சில மாதங்கள் கவனித்து வாருங்கள். புதிதாகக் குப்பைகளை வீட்டுக்குள் கொண்டுவரத் தொடங்கினாலோ, கெட்டுப்போன உணவை எறியவிடாமல் தடுத்தாலோ, எது எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வைத்த இடம் தெரியாமல் யாரோ திருடிவிட்டதாகச் சொன்னாலோ, அது இதுவரை நாம் பேசிய விஷயம் அன்று. முதுமையில் மறதி நோய் அப்படியும் தலைகாட்டும். அப்போது பொருள்களைப் பற்றி அவரோடு வாதாடாமல், நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அவர் உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.